முழங்கால் காயம்: ரிலீஸ் மெடிக்கல் போர்டில் '15-19%' வந்தாலும் 'என்.ஏ.என்.ஏ.' வந்தாலும் ஒரே அப்பீல் போதுமா?

நாகலூர்_மேடு

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காடு மலையில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் இருக்கிற ரெண்டு முன்னாள் படைவீரர்களோட காகிதம் கைக்கு வந்திருக்கு. ரெண்டு பேரும் சிப்பாயாகச் சேர்ந்து முழு சர்வீஸ் முடிச்சு வந்தவங்க. ரெண்டு பேருக்குமே ஊனமுற்றோர் ஓய்வூதியம் இல்லைன்னு கடிதம்.

முதல் ஆள்: இடது முழங்கால் மெனிஸ்கஸ் (மூட்டுக்குள்ள இருக்கிற குருத்தெலும்பு) கிழிசல். யூனிட் ஃபுட்பால் மேட்சில் பட்ட அடி. ரிலீஸ் மெடிக்கல் போர்டு (படையில் இருந்து வெளியே வரும்போது பரிசோதிக்கிற மருத்துவக் குழு) 'பணியால் ஏற்பட்டது: ஆம்' என்று எழுதி, ஊனச் சதவீதம் 15-19 போட்டிருக்கு. நிராகரிப்புக் கடிதம் வந்து ரெண்டு மாசம் ஆகுது.

ரெண்டாவது ஆள்: ரெண்டு முழங்காலிலும் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் (மூட்டுத் தேய்மானம்). சதவீதம் 30, ஆயுள் முழுக்க. ஆனால் 'பணியால் ஏற்பட்டதும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை' (இதுதான் 'என்.ஏ.என்.ஏ.') என்று எழுதி, கடைசிக் கட்டத்தில் 'நில்' (பூஜ்யம்) போட்டுட்டாங்க. 2016இல் வெளியே வந்தவர். அப்பீலே போடலை.

சேலத்தில் ஒரு டைப்பிங் சென்டரில் ரெண்டு பேருக்கும் ஒரே வாசகத்தில் மனு அடிச்சுக் கொடுத்திருக்காங்க. பேரும் நம்பரும் மட்டும்தான் மாறியிருக்கு. இதை அனுப்பலாமா?

ரெக்கார்ட்ஸ்_கிளார்க்

அனுப்பாதீங்க தம்பி. ரெண்டும் முழங்கால்தான், ஆனா ரெண்டு கேஸும் வேற வேற. ஒரே மனு போட்டா ரெண்டு பேரும் தோற்பாங்க.

ஓய்வூதியத்துக்கு ரெண்டு கதவு. ஒன்று காரணம்: பணியால் வந்ததா, பணியால் மோசமானதா. இன்னொன்று அளவு: 20 சதவீதமாவது இருக்கா. ரெண்டும் திறந்தாத்தான் பணம். முதல் ஆளுக்குக் காரணக் கதவு திறந்திருக்கு, அளவுக் கதவு மூடியிருக்கு. ரெண்டாவது ஆளுக்கு நேர் எதிர். மூடின கதவைத்தான் தட்டணும். காரணத்தை ஏற்கெனவே ஒத்துக்கிட்ட இடத்தில் 'என் காயம் பணியால் வந்தது' என்று நாலு பக்கம் எழுதினால் படிக்கிறவங்களுக்கு அங்கே முடிவு பண்ண எதுவுமே இல்லை.

போர்டோட அறிக்கையான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 படிவத்தை எடுத்து வெச்சுக்கிட்டு 'மருத்துவக் குழுவின் கருத்து' பகுதிக்குப் போங்க. அங்கே அஞ்சு இடத்தைப் பார்க்கணும். சேரும் முன்பே இந்தக் குறை இருந்ததா என்ற கேள்விக்கு என்ன பதில். காரணக் கட்டத்தில் ஆம், இல்லை எது. அதுக்குப் பக்கத்திலேயே விளக்கம் எழுதும் கட்டத்தில் என்ன வாசகம். சதவீதமும் எத்தனை காலத்துக்கு என்பதும். கடைசியா, ஓய்வூதியத்துக்குத் தகுதியான நிகர சதவீதம். பல பேர் கடைசிக் கட்டத்தில் இருக்கிற 'நில்' மட்டும் பார்த்துட்டு தனக்கு ஊனமே இல்லைன்னு எழுதிட்டாங்கன்னு நினைக்கிறாங்க. ரெண்டாவது ஆளுக்கு 30 சதவீதத்தைப் போர்டே ஒத்துக்கிட்டிருக்கு. அது பெரிய விஷயம், அதைத் தொடவே வேண்டாம். மறுபடி அளக்கச் சொல்லிக் கேட்டுட்டு 30-ஐ 20-க்குக் கீழே இறக்கிக்கிட்டா அப்புறம் வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்லை.

மணியனூர்_பென்ஷன்

கணக்கையும் சொல்லிடறேன், எதுக்காக இவ்வளவு போராட்டம்னு புரியும்.

100 சதவீத ஊனத்துக்கு ஊனக்கூறு (ஊனத்துக்காகத் தனியாத் தர்ற தொகை) கடைசியா வாங்கின சம்பளத்தில் 30 சதவீதம். அதுக்குக் கீழே விகிதப்படி. உதாரணமா கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய்னு வையுங்க. 30 சதவீத ஊனம்னா அதில் 9 சதவீதம், மாசம் 3,600. ஆனா பிராட் பேண்டிங் (சதவீதத்தை மேல் படிக்கு ஏத்திக் கணக்கிடறது) வந்தா 50-க்குக் கீழே இருக்கிறது எல்லாம் 50 ஆகும். 50 முதல் 75 வரை 75. 76 முதல் மேலே எல்லாம் 100. அப்போ 30 என்பது 50 ஆகி, மாசம் 6,000. அதோட அகவிலை நிவாரணம் தனி.

இப்ப முதல் ஆளைப் பாருங்க. 19 சதவீதத்துக்கு ஒண்ணுமில்லை. 20 வந்துட்டா அது 50 ஆகலாம். ஒரே ஒரு சதவீதத்துல பூஜ்யத்துக்கும் 6,000-க்கும் வித்தியாசம். அதனாலதான் 15-19 வந்தவங்க சும்மா இருக்கக் கூடாதுங்கறேன்.

பிராட் பேண்டிங் முதலில் 31.1.2001 ஆணைப்படி 1.1.1996 முதல் இன்வாலிட் ஆகி (உடல்நிலை காரணமா சர்வீஸ் முடியும் முன்னே அனுப்பப்பட்டு) வெளியே வந்தவங்களுக்கு மட்டும்தான் இருந்தது. முழு சர்வீஸ் முடிச்சு வந்தவங்களுக்கும் உண்டுன்னு உச்ச நீதிமன்றம் ராம் அவதார் வழக்கில் 10.12.2014 அன்று சொல்லியிருக்கு. தானா வரும்னு காத்திருக்காதீங்க. மனுவில் தனியா ஒரு கோரிக்கையா எழுதிக் கேக்கணும்.

ஒரு எச்சரிக்கை: 21.9.2023க்குப் பிறகு வெளியே வந்தவங்களுக்குப் புது தகுதி விதிகள். அதில் பலன்களோட பெயர்களே மாறியிருக்கு. பழைய ஆளோட மனுவைப் பார்த்து காப்பி அடிக்க வேண்டாம்.

கோணமானி

சதவீதத்தைப் பத்தி மட்டும் எழுதறேன். மூட்டு அளக்கிற வேலையில இருக்கிறதால இது எனக்கு முக்கியம்.

'வலிக்குது, நடக்க முடியலை' என்பது போர்டுக்குத் தகவல்தான், அளவு கிடையாது. போர்டு எண்ணைத்தான் பார்க்கும். முழங்காலுக்கு இதெல்லாம் எண்ணாக இருக்கணும்:

மடங்கும் கோணம். நோயாளி மல்லாந்து படுக்கணும். கோணமானியோட அச்சை முழங்காலின் வெளிப்பக்க எலும்பு முட்டு மேல வைக்கணும். அசையாத கை தொடை வழியா இடுப்புப் பக்கத்து முட்டை நோக்கி, அசையும் கை வெளிக்கணுக்காலை நோக்கி. ஆரோக்கியமான முழங்கால் 0-இல் இருந்து சுமார் 135 டிகிரி மடங்கும். படி இறங்க 90-க்குப் பக்கம் வேணும். குத்துக்கால் போட்டு உட்கார அதைவிட நிறைய. தானா மடக்கின கோணம், டாக்டர் பிடிச்சு மடக்கின கோணம் ரெண்டையும் தனித்தனியா எழுதச் சொல்லிக் கேளுங்க. பல ரிப்போர்ட்டில் டாக்டர் அழுத்தி மடக்கின கோணம் மட்டும்தான் இருக்கு. அது எப்பவும் கூடுதலாத்தான் வரும். கோணமானியில் 5 டிகிரி தவறு சகஜம், அதனால ஒரே ஆள் ரெண்டு தடவை அளக்கறது நல்லது. நீட்டும்போது முழுசா நேரா வருதா, எத்தனை டிகிரி பாக்கி நிக்குதுங்கறதும் வேணும். இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க.

தொடைச் சதை. சில்லெலும்பின் மேல் விளிம்பில் இருந்து 15 செ.மீ. மேலே குறி போட்டு டேப் சுத்தணும். ரெண்டு காலும். ரெண்டு செ.மீ. குறைஞ்சிருந்தா அந்தக் காலை ஆள் பல மாசமா முழுசா ஊனலைங்கறதுக்கு அதுவே சாட்சி. இதை யாரும் நடிச்சுக் காட்ட முடியாது. 'ஆத்துல போட்டாலும் அளந்து போடு'ன்னு சொல்வாங்க, இங்கே அளக்காம எதுவும் செல்லாது.

மூட்டு ஆட்டம். ஏ.சி.எல். (முழங்காலின் முன் குறுக்குத் தசைநார்) போயிருந்தா லாக்மன் சோதனை, முன் இழுப்புச் சோதனை ரெண்டும் எத்தனாவது கிரேடுன்னு எழுதணும். மெனிஸ்கஸ்னா மக்மரே, அப்புறம் மூட்டுக் கோட்டில் அழுத்தினா வலி இருக்கா, முழங்கால் பூட்டிக்குதா.

எக்ஸ்ரே. இதில்தான் அதிகம் ஏமாறுறாங்க. படுக்க வெச்சு எடுத்த படத்தில் மூட்டு இடைவெளி நல்லா இருக்கிற மாதிரி தெரியும். நின்னுக்கிட்டு, உடம்பு எடை காலில் இறங்கும்போது எடுத்தாத்தான் தேய்மானம் தெரியும். சீட்டிலேயே 'நின்ற நிலையில், ரெண்டு முழங்காலும்' என்று எழுதி வாங்குங்க. ஆர்த்ரைட்டிஸ்னா கெல்கிரென்–லாரன்ஸ் கிரேடு 0 முதல் 4 வரை எதுன்னு ரேடியாலஜிஸ்ட் எழுதணும். மெனிஸ்கஸ், தசைநார் விஷயத்துக்கு எக்ஸ்ரே பத்தாது, எம்.ஆர்.ஐ. வேணும்.

போர்டுக்குப் போற அன்னிக்கு வலி மாத்திரையை நிறுத்தணுமான்னு எல்லாரும் கேப்பாங்க. டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. எத்தனை மணிக்கு, எந்த மாத்திரை எடுத்தேன்னு போர்டில் சொல்லி எழுதச் சொல்லுங்க. மடக்க முடிஞ்சதை முடியலைன்னு காட்டாதீங்க. அங்கே அளக்கிறவங்க தினமும் இதையே பார்க்கிறவங்க, உட்காரும்போது ஒரு கோணம், மேஜையில் ஒரு கோணம்னு வந்தா நம்பிக்கையே போயிடும்.

நாகலூர்_மேடு

நன்றி சார். முதல் ஆளோட ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16இல் 'முழங்கால் அசைவு வலியுடன், இறுதிக் கோணத்தில் கட்டுப்பாடு' என்று மட்டும்தான் இருக்கு. ஒரு டிகிரி கூட எழுதலை. தொடை அளவும் இல்லை. எக்ஸ்ரே நின்னு எடுத்ததா படுத்து எடுத்ததான்னும் இல்லை.

அவர் காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போறார். மலைச் சரிவில் ஏறி இறங்கற வேலை. அதை வெச்சே 'நீ வேலை செய்யற, அப்புறம் என்ன ஊனம்' என்று கேப்பாங்களா?

கோணமானி

அந்த ஒரு வரிதான் அவரோட பலம். 'இறுதிக் கோணத்தில் கட்டுப்பாடு'ன்னு எழுதிட்டு எவ்வளவுன்னு எழுதலைன்னா 15-19 எங்கிருந்து வந்தது? மனுவில் இதைக் கேக்கணும். பக்கத்துல புது அளவுகளை வைக்கணும்.

தோட்ட வேலை பத்தி: ஊனச் சதவீதம் வெளியே வந்த தேதியில் இருந்த நிலைக்கு. வெளியே வந்த பிறகு சரிவில் வேலை செஞ்சு மோசமாச்சுன்னு அவங்க சொல்ல இடம் இருக்கு. அதனால புது அளவு எடுக்கும்போது அடுத்த காலையும் அளக்கணும். ரெண்டு காலும் ஒரே சரிவில்தான் ஏறி இறங்குது. அடிபட்ட கால் மட்டும் மெலிஞ்சிருந்தா அதுக்குக் காரணம் பழைய காயம்னு சொல்ல முடியும். சேலம் ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் இதுவரை வலிக்குக் காட்டின ஒவ்வொரு தேதியும் எடுத்து வையுங்க. வெளியே வந்த முதல் வருஷத்துப் பதிவுதான் கனமானது.

ஓமலூர்_வக்கீல்

இரு வழக்குகளுக்கும் சட்டப் பாதை எப்படி என்பதை எழுதுகிறேன்.

முதல் வழக்கு. நிராகரிப்பு கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அது ரெக்கார்ட்ஸ் அலுவலகம் வழியாகத்தான் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போக வேண்டும். பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பினால் காலம் வீணாகும். இவருக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. முக்கியக் கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: அளவுகள் பதியப்படாமல் சதவீதம் போடப்பட்டிருப்பதால் மறு மருத்துவக் குழு வேண்டும். குழு கூடினால் ராணுவ மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும், பெரும்பாலும் சென்னை அல்லது வெலிங்டன். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் தானாகச் சதவீதத்தை உயர்த்தித் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மருத்துவ எண்ணை மாற்ற நீதிபதிகள் தயங்குவார்கள். புதிதாக அளக்கச் சொல்லி ஆணையிடவே அதிக வாய்ப்பு.

இரண்டாவது வழக்கு முழுக்கச் சட்டப் பிரச்சினை. தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: படையில் சேரும்போது மருத்துவப் பதிவில் ஒரு நோய் குறிக்கப்படவில்லை என்றால், ஆள் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும்; பிறகு வந்த கெடுதல் பணியால் வந்தது என்ற அனுமானம் அவர் பக்கம். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது துறை. சேரும்போது கண்டுபிடிக்க முடியாத நோய் என்று குழு சொன்னால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். இவருடைய படிவத்தில் விளக்கக் கட்டத்தில் என்ன இருக்கிறது?

நாகலூர்_மேடு

'தேய்மான நோய், பணிக்குத் தொடர்பில்லை' என்று ஒரே வரி. சேரும் முன் இருந்ததா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருக்காங்க.

ஓமலூர்_வக்கீல்

அப்படியானால் அந்த இரண்டு கட்டங்களையும் அடுத்தடுத்து வைத்து மேற்கோள் காட்டுங்கள். சேரும் முன் இல்லை என்று குழுவே ஒத்துக்கொள்கிறது. ஏன் பணிக்குத் தொடர்பில்லை என்பதற்குத் தேய்மானம் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு காரணம் இல்லை. தேய்மானம் எதனால் வந்தது என்பதுதானே கேள்வி.

ஆனால் அனுமானத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். அவர் எத்தனை ஆண்டு காலாட்படைப் பட்டாலியனில் இருந்தார், எந்தெந்த மலைப் பகுதியில், சுமை தூக்கும் வேலையா, முழங்காலுக்காக எப்போது முதல்முறை மருத்துவ அறைக்குப் போனார், எந்த ஆண்டு மருத்துவத் தரம் குறைக்கப்பட்டது, அதற்குப் பிறகும் அதே பணியில் வைத்திருந்தார்களா — இந்த வரிசை முக்கியம். தரம் குறைந்த பின்னும் கடினப் பணியில் இருந்திருந்தால், 'பணியால் ஏற்பட்டது' கிடைக்காவிட்டாலும் 'பணியால் மோசமானது' கிடைக்கும். இரண்டில் ஒன்று போதும், ஓய்வூதியத்துக்கு வித்தியாசமில்லை. எனவே இரண்டையும் மாற்றுக் கோரிக்கையாக எழுதுங்கள்.

காலதாமதம் பற்றி. 2016இல் வந்தவர் இப்போது கேட்கிறாரே என்பார்கள். மாதந்தோறும் மறுக்கப்படும் ஓய்வூதியம் தொடரும் தவறு. தர்சேம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, ஆனால் பாக்கித் தொகையை மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குள் நிறுத்தியது. அதன் பொருள், இன்று முதல் அவர் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணத்தை நிரந்தரமாக இழக்கிறார். முதல் மேல்முறையீட்டைத் தாமத மன்னிப்பு விளக்கத்தோடு உடனே அனுப்புங்கள். ஆறு மாதம் பதில் இல்லை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007, பிரிவு 21, 22இன்படி சென்னை அமர்வில் மனு போடலாம். பதில் வந்து மறுத்தால் அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்.

வாழப்பாடி_காற்று

குறுக்கே ஒரு கேள்வி. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்த மாற்றுத்திறனாளி சான்றிதழில் 45 சதவீதம் இருக்கு. அதை வெச்சா ராணுவப் போர்டு ஒத்துக்காதா? அது அரசு சான்றிதழ்தானே.

ரெக்கார்ட்ஸ்_கிளார்க்

ஒத்துக்காது. அது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கான கணக்கு, 40 சதவீதம் அங்கே வரம்பு. ராணுவப் போர்டு தன் மருத்துவ வழிகாட்டிப்படி அளக்கும். ரெண்டு தராசும் வேற. ஆனா சான்றிதழோட இருக்கும் பரிசோதனைத் தாளில் கோணம், சதை அளவு இருந்தா அதை இணைக்கலாம். சதவீதத்தைப் பத்திப் பேசாம அளவை மட்டும் காட்டுங்க.

காகிதம் சேர்க்கறதைப் பத்திச் சொல்லிடறேன், இதுதான் மனுவையே தாங்கும். முதல் ஆளுக்கு ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 காய அறிக்கை. அதில் கமாண்டிங் ஆபீசர் எந்த நேரத்தில், என்ன பணியில் காயம்னு எழுதியிருப்பார். அனுமதி பெற்று நடத்தின யூனிட் விளையாட்டும் பணிதான். டீம் லிஸ்டோ டெய்லி ஆர்டரோ இருந்தா சேருங்க. லீவில் வீட்டுக்கு ரயில் வாரண்டில் போறப்போ பட்ட அடியும் பணியில் சேரும். வீட்டில் இருந்தப்போ பட்டது சேராது.

கையில் இல்லாத காகிதத்தை ஆர்.டி.ஐ.-இல் கேளுங்க. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், அல்லது ஆன்லைன். 'என் மருத்துவக் கோப்பு முழுவதும்' என்று கேட்காதீங்க, அதை ரொம்ப அகலமான கேள்வின்னு திருப்பி அனுப்ப ஒரு சாக்கு கிடைக்கும். பட்டியல் போடுங்க: சேர்ப்பு மருத்துவப் பரிசோதனைப் பதிவு, ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-15 (மருத்துவத் தரம் நிர்ணயிக்கிற படிவம்) எல்லா ஆண்டுக்கும், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 எல்லாப் பக்கமும், காய அறிக்கை, விசாரணைக் குழு நடவடிக்கை, கமாண்டிங் ஆபீசர் அறிக்கை, ஓய்வூதிய நிராகரிப்புக் குறிப்பு. 30 நாளில் பதில். வரலைன்னா அங்கேயே முதல் அப்பீல். யாருக்கு எழுதணும்னா அவங்கவங்க ரெக்கார்ட்ஸ் அலுவலகம்: மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ்னா பெங்களூரு, ஈ.எம்.ஈ.-னா செகந்திராபாத், பீரங்கிப்படைன்னா நாசிக்.

காகிதத்துக்காக மேல்முறையீட்டைத் தள்ளாதீங்க. 'இன்ன தேதியில் ஆர்.டி.ஐ. மனு போட்டிருக்கேன், கிடைச்சதும் கூடுதல் சமர்ப்பிப்பேன்'னு ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க. மத்த காகிதம் வந்த பிறகு ஒரு துணை மனு.

மணியனூர்_பென்ஷன்

இன்னும் ஒண்ணு விட்டுட்டோம். படிவத்தில் 'அறுவை சிகிச்சைக்கு மறுத்தாரா' என்று ஒரு கேள்வி இருக்கு. ஏ.சி.எல். அறுவைக்கு வேணாம்னு கையெழுத்துப் போட்டவங்களுக்கு இது சிக்கல். நியாயமில்லாம மறுத்ததாப் போர்டு நினைச்சா அந்த அளவுக்குச் சதவீதத்தைக் கழிக்கலாம். மறுப்புக்குக் காரணம் இருந்தா, டாக்டரே ஆபத்துன்னு சொல்லியிருந்தா, சர்க்கரை, இதய நோய் இருந்தா, அதோட காகிதத்தைச் சேர்த்து நியாயமான மறுப்புன்னு எழுதணும். நாகலூர் தம்பி, ரெண்டு பேர் படிவத்திலும் அந்தக் கட்டத்தைப் பாருங்க.

தோள்பட்டை கேஸ்காரங்களும் இதைப் படிப்பாங்கன்னு நினைக்கிறேன். அடிக்கடி தோள் விலகறவங்களுக்கு அசைவு முழுசா இருக்கும், கோணம் பார்த்தா நல்லா இருக்கும். அவங்களுக்குக் கோணத்தை விட எத்தனை தடவை விலகுச்சு, எத்தனை தடவை ஆஸ்பத்திரியில் பொருத்தினாங்கங்கற தேதிப் பட்டியல்தான் பேசும்.

நாகலூர்_மேடு

பார்த்தேன் சார். முதல் ஆள் படிவத்தில் 'அறுவைக்கு விருப்பமில்லை' என்று டிக் இருக்கு! 2014இல் அறுவை சொன்னாங்களாம். அதே ஆண்டு சர்க்கரை கட்டுக்குள் வராததால் அறுவையைத் தள்ளிப்போடச் சொன்ன மயக்கவியல் டாக்டரோட குறிப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கு.

வக்கீல் செலவு பத்தியும் கேட்கணும். 'ஜெயிச்சா பாக்கித் தொகையில் பாதி' என்று ஒருத்தர் சொல்லியிருக்கார்.

ஓமலூர்_வக்கீல்

அந்தக் குறிப்பு தங்கம். மனுவின் முதல் இணைப்பாக அதை வையுங்கள்; அவராக மறுக்கவில்லை, மருத்துவர் தள்ளிப்போடச் சொன்னார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.

வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது இந்தியப் பார் கவுன்சில் நடத்தை விதிகளுக்கு எதிரானது. அப்படிப்பட்டவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இலவச சட்ட உதவி இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12இன்படி மாற்றுத்திறனாளிகளுக்கு உரிமை உண்டு. வாழப்பாடி நண்பர் கேட்ட 45 சதவீதச் சான்றிதழ் ராணுவப் போர்டில் செல்லாவிட்டாலும் இங்கே பயன்படும். சேலம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். முதல் மேல்முறையீட்டுக்கு வக்கீலே தேவையில்லை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் படிவங்களுக்கும் சான்றொப்பத்துக்கும் உதவி கேட்கலாம். தீர்ப்பாயம் என்று வந்தால் சென்னை போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு விசாரணைக்கும் மனுதாரர் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் முழங்காலை மடக்கி உட்கார்ந்து போக வேண்டியதில்லை, வக்கீல் ஆஜராவார்.

ரெக்கார்ட்ஸ்_கிளார்க்

தம்பி, முதல் ஆளோட மனுவுக்கு நடுப்பத்தி இப்படி இருந்தா போதும். ஆங்கிலத்தில் மாத்தி அடிச்சுக்குங்க, கருத்தைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்:

'காயம் பணியால் ஏற்பட்டது என மருத்துவக் குழு ஏற்றுள்ளது. சதவீதம் 15-19 எனப் பதியப்பட்டுள்ளது. ஆனால் முழங்கால் மடங்கும் கோணம், நீட்டும் கோணம், இரு தொடைகளின் சுற்றளவு, நின்ற நிலை எக்ஸ்ரே ஆகிய எதுவும் பதியப்படவில்லை. அறுவையை மனுதாரர் மறுக்கவில்லை. மருத்துவக் காரணத்தால் தள்ளிவைக்கப்பட்டது, இணைப்பு 1. தற்போதைய அளவுகள் இணைப்பு 2. அளவுகளின் அடிப்படையில் சதவீதத்தை மீண்டும் நிர்ணயிக்க மறு மருத்துவக் குழு கூட்டவும், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் 50 சதவீதமாகக் கணக்கிட்டு, வெளியே வந்த மறுநாள் முதல் வழங்கவும் கோருகிறேன்.'

சர்வீஸ் நம்பர், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) நம்பர், ஸ்பர்ஷ் (ஆன்லைன் ஓய்வூதிய முறை) நம்பர் மூணும் முதல் பக்கத்தில். ஏற்காடு தபால் ஆபீசிலேயே ஸ்பீட் போஸ்ட் போடுங்க. டெலிவரி ஆன அன்னிக்கே டிராக்கிங் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வையுங்க, கொஞ்ச நாள் போனா அது ஆன்லைனில் கிடைக்காது. ஆறு மாசக் கணக்குக்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.

கோணமானி

இணைப்பு 2-க்கு அளவு எடுக்கப் போறப்ப அவரை அரை டவுசரில் வரச் சொல்லுங்க. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு அளந்தா தொடையில் 15 செ.மீ. குறி சரியா விழாது. மலையில் இருந்து பஸ்ஸில் இறங்கின உடனே அளக்க வேண்டாம்; இருபது கொண்டை ஊசி வளைவும் உட்கார்ந்து வந்த கால் விறைப்பா இருக்கும். அரைமணி நேரம் நடந்து, உட்கார்ந்து, அப்புறம் அளங்க.

நாகலூர்_மேடு

சரிங்க சார். திங்கட்கிழமை முதல் ஆளோட மனு தபாலில். ரெண்டாவது ஆளுக்கு ஆர்.டி.ஐ.யும் தாமத மன்னிப்பு மனுவும் அதே நாள். அவர் மருத்துவத் தரம் குறைஞ்சது 2011இல், அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் பட்டாலியனில்தான் இருந்திருக்கார். டிஸ்சார்ஜ் புக்கில் அந்தப் பக்கம் இப்பத்தான் கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பறேன்.